கானாடுகாத்தான் வீட்டு ஜெனரேட்டருக்கு எந்த ஆயில்? இரண்டு வருட அனுபவம்

கானாடுகாத்தானில் விருந்தினர் தங்கும் பழைய வீடு ஒன்றின் நிர்வாகத்தை நான் கவனித்து வருகிறேன். வீட்டின் பின்கட்டுக்கு அப்பால் 40 கேவிஏ டீசல் ஜெனரேட்டர் ஒன்று இருக்கிறது. மாதாந்திரப் பராமரிப்புக்காக மின்சாரம் நிறுத்தப்படும் நாள், முகூர்த்த நாட்கள், கோடை மழையில் கம்பி அறுந்து விழும் இரவு ஆகியவற்றைத் தவிர அதற்கு வேலை கிடையாது. ஆண்டு முழுவதும் சேர்த்தாலும் ஹவர் மீட்டர் 60 மணி நேரத்தைத் தாண்டுவதில்லை. இந்த இன்ஜினில் இரண்டு வருடமாக ஷெல் ரிமுலா ஆர்4 எக்ஸ் 15டபிள்யூ-40 ஊற்றி வருகிறோம். அமெரிக்கப் பெட்ரோலியக் கழகத்தின் (ஏபிஐ) தரப் பிரிவில் இது சிஐ-4.

அதற்கு முன்பு எங்கள் மெக்கானிக்கின் வற்புறுத்தலால் 40 என்ற ஒற்றை எண் போட்ட ஆயிலையே ஊற்றி வந்தோம். சித்திரை வெயிலில் தகரக் கூண்டுக்குள் ஓடும் இன்ஜினுக்குக் கெட்டியான ஆயில்தான் தாங்கும் என்பது அவருடைய வாதம். கேட்பதற்கு நியாயமாகத் தோன்றினாலும் அது சரியல்ல. பின்னால் வரும் 40 என்ற எண், 100 டிகிரி செல்சியசில் ஆயிலின் பிசுபிசுப்பு 12.5 முதல் 16.3 சென்டிஸ்டோக் (பிசுபிசுப்பை அளக்கும் அலகு) வரையிலான எல்லைக்குள் இருக்க வேண்டும் என்பதைக் குறிக்கிறது. ஒற்றை 40 ஆயிலுக்கும் 15டபிள்யூ-40 ஆயிலுக்கும் இந்த எல்லை ஒன்றுதான். இன்ஜின் சூடேறிய பிறகு இரண்டும் ஏறத்தாழ ஒரே கெட்டியில்தான் இருக்கும். வேறுபாடு தெரிவது இன்ஜின் ஆறிக் கிடக்கும்போது.

முன்னால் உள்ள 15டபிள்யூ என்பதற்கான ஸ்டார்ட்டிங் சோதனை மைனஸ் 20 டிகிரியில் நடத்தப்படுகிறது. மார்கழியிலும் 20 டிகிரிக்குக் கீழே இறங்குவது அரிதான செட்டிநாட்டில் அந்த எண்ணால் என்ன பயன் என்று நானும் முதலில் நினைத்தேன். ஆனால், தானியங்கிப் பேனலோடு இணைத்த ஸ்டாண்ட்பை ஜெனரேட்டரின் நிலைமை லாரி இன்ஜினைப் போன்றதன்று. மூன்று வாரம் சும்மா கிடந்து, ஆயிலெல்லாம் சம்ப் எனப்படும் அடித்தொட்டியில் வடிந்துவிட்ட நிலையில், கரண்ட் போன சில நொடிகளுக்குள் இன்ஜின் கிளம்பி, சூடேற அவகாசமே இல்லாமல், முழு வீட்டின் லோடையும் ஏற்க வேண்டியிருக்கிறது. அந்த நேரத்தில் ஆயில் எவ்வளவு விரைவாக மேலே ஏறி பேரிங்குகளையும் வால்வுப் பகுதியையும் எட்டுகிறது என்பதைப் பொறுத்தே தேய்மானம் அமைகிறது. ஆகவே நம் ஊர் வெயிலுக்கும் 15டபிள்யூ-40 போல இரண்டு எண் போட்ட மல்டிகிரேடு ஆயில்தான் பொருத்தமானது. மாற்றிய பிறகு, செல்ஃப் சுற்றும் ஓசையில் முன்பு கேட்ட திணறல் குறைந்திருப்பதைக் காதாலேயே உணர்ந்தேன்.

கொடைக்கானலில் விடுதி வைத்திருக்கும் என் சகலைக்கு இந்தப் பாடம் இன்னும் கடுமையாகக் கிடைத்தது. ஜனவரி இரவில் அங்கே 10 டிகிரிக்குக் கீழே போய்விடும். குளிரில் பேட்டரியின் வலுவும் குறையும், ஒற்றை 40 ஆயிலும் இறுகும். இரண்டும் சேர்ந்து அவருடைய செல்ஃப் மோட்டாரை முனக வைத்தன. இப்போது அவரும் 15டபிள்யூ-40 தான் ஊற்றுகிறார். மலைக்கு ஓர் ஆயில், சமவெளிக்கு ஓர் ஆயில் என்று தனித்தனியாக வாங்க வேண்டிய தேவை தமிழ்நாட்டின் தட்பவெப்பத்தில் இல்லை. 5டபிள்யூ-40 சிந்தெடிக் ஆயில் வாங்கலாமா என்றும் அவர் கேட்டார். காசுக்குக் கேடு என்றேன். மணிக்கணக்கு நிறைவதற்கு முன்பே நாட்கணக்குப்படி வடித்துவிடப் போகும் ஆயிலுக்கு அவ்வளவு விலை தருவதில் பொருளில்லை.

இந்த நாட்கணக்கைத்தான் பலரும் மறந்துவிடுகிறார்கள். எங்கள் இன்ஜினின் கையேட்டில் 500 மணி நேரம் அல்லது 12 மாதம், இவற்றில் எது முந்துகிறதோ அப்போது மாற்ற வேண்டும் என்று இருக்கிறது. மணிக்கணக்கை மட்டும் பார்த்தால் எட்டு வருடம் ஓட்டலாம் போலத் தோன்றும். ஆனால், ஓடாமல் கிடக்கும் ஆயிலும் ஈரத்தாலும் அமிலத்தாலும் கெட்டுப்போகிறது.

புது ஆயில் ஊற்றிய முதல் வருடம், கார்த்திகை அடைமழையின்போது, வீட்டு ஆச்சி ஜெனரேட்டர் பக்கம் வந்தவர், நான் கழற்றி வைத்திருந்த ஆயில் மூடியைப் பார்த்துவிட்டு, “என்னப்பா இது, மோரைச் சிலுப்புன மத்து மாதிரி வெண்ணெய் ஒட்டிக்கிட்டிருக்கு?” என்றார். மூடியின் உட்புறம் முழுவதும் வெளிர்மஞ்சள் குழம்பு படர்ந்திருந்தது. ஆயில் போலி என்றே முதலில் சந்தேகித்தேன். மெக்கானிக் ரேடியேட்டர் தண்ணீரைப் பார்த்தார். ஒரு சொட்டும் குறையவில்லை என்பதால், அந்தத் தண்ணீரை ஆயிலுக்குள் கசியவிடும் கேஸ்கெட் பழுதும் இல்லை என்று ஆயிற்று. தவறு என்னுடையது. ஞாயிறுதோறும் லோடு எதுவும் கொடுக்காமல் ஐந்து நிமிடம் ஓட்டி நிறுத்துவதையே பராமரிப்பு என்று எண்ணியிருந்தேன். ஒரு லிட்டர் டீசல் எரிந்தால் ஏறத்தாழ ஒரு லிட்டர் தண்ணீர் ஆவியாக உண்டாகிறது. பெரும்பகுதி புகைக்குழாய் வழியே போனாலும், சிறிதளவு பிஸ்டன் ரிங்குகளைத் தாண்டிச் சம்ப்புக்குள் இறங்குகிறது. ஆயில் நன்கு சூடேறினால்தான் அந்த ஈரம் வெளியேறும். ஐந்து நிமிட ஓட்டத்தில் அது உள்ளேயே தங்கி, ஆயிலோடு கடைபட்டுக் குழம்பாகிவிடுகிறது.

இப்போது மாதம் ஒருமுறை, ஆறு அறைகளின் ஏசியையும் கிணற்று மோட்டாரையும் போட்டு, திறனில் 30 சதவீதத்துக்குக் குறையாத லோடோடு அரை மணி நேரம் ஓட்டுகிறோம். அதன் பிறகு மூடி சுத்தமாக இருக்கிறது. ஆயில் சீக்கிரமே கறுத்துப்போகிறது என்பது உண்மைதான். கரித்துகளைப் படியவிடாமல் தன்னுள் தாங்கி வைத்துக்கொள்வதுதான் அதன் வேலை என்பதால் அதைக் குறையாகச் சொல்ல மாட்டேன். டிப்ஸ்டிக்கில் அளவு ஏறினாலோ டீசல் வாடை அடித்தாலோதான் கவலைப்பட வேண்டும்.

வாங்குவோருக்கு ஓர் எச்சரிக்கை. 2023 ஜூலையில் நடைமுறைக்கு வந்த, மத்திய மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தின் சிபிசிபி 4 பிளஸ் புகை விதிப்படி புகை சுத்திகரிப்புக் கருவி பொருத்தி வரும் புதிய ஜெனரேட்டர் என்றால், சாம்பல் குறைந்த சிகே-4 ஆயிலைக் கையேடு கேட்கக்கூடும். அங்கே சிஐ-4 ஊற்றக் கூடாது. எங்களுடையது பழைய வகை என்பதால் இந்தச் சிக்கல் இல்லை. பீப்பாயிலிருந்து அளந்து தரும் லூஸ் ஆயிலையும் தவிர்ப்பது நல்லது. வட்டாரத்துக் கடை ஒன்றில் ஒருமுறை உள்சீல் இல்லாத கேனைக் கொடுத்துவிட்டு, “எல்லாம் ஒண்ணுதான் அண்ணே” என்றார்கள்; அன்றோடு அங்கே போவதை விட்டேன்.

ஆயிலும் பில்டரும் மாற்றுவதை இப்போது மார்கழிக்கு வைத்திருக்கிறேன். அடைமழை முடிந்து, அதன் ஈரத்தைக் குடித்த ஆயில் வடிந்துவிடும். தை முகூர்த்தங்களுக்குள் புது ஆயில் ஏறிவிடும். கல்யாணம் இல்லாத மாதம் என்பதால் மெக்கானிக்கும் அவசரப்படாமல் வேலை செய்கிறார். கேனை ஆத்தங்குடிக் கல் பதித்த தரையில் மட்டும் வைக்க விடாதீர்கள். சிமெண்டுக் கல் ஆயிலை உறிஞ்சிக்கொள்ளும். எங்கள் ஆளோடியில் ஒரு கேனின் அடிவட்டம் இன்னும் அழியாமல் இருக்கிறது.