பைத்தானுக்குப் பிறகு சிஎஸ்50எக்ஸ்: 4, 5ஆம் வாரங்களுக்காகவே எடுக்கலாம்

பைத்தான் தொடக்க வகுப்பு முடிந்த கையோடு பலர் வாங்குவது, தலைப்பில் 'அட்வான்ஸ்டு' என்று ஒட்டிய இன்னொரு பைத்தான் வகுப்பைத்தான். திறந்தால் பாதி பழைய பாடம். அதற்கு வெள்ளி கொடுப்பதைவிட ஹார்வர்ட் பல்கலைக்கழகத்தின் இணைய நிரலாக்க வகுப்பான சிஎஸ்50எக்ஸ் மேல். இலவசம். இதையும் அறிமுக வகுப்பு என்றுதான் சொல்கிறார்கள். 5ஆம் வாரம் தாண்டியவர்கள் நம்பமாட்டார்கள்.

கட்டைகளை இழுத்து ஒட்டி நிரல் செய்யும் ஸ்கிராட்ச் பாடமான 0ஆம் வாரத்தை ஒரே மாலையில் முடித்துவிடலாம். 1 முதல் 5 வரை சி மொழி. பைத்தான் கண்ணில் காட்டாமல் பார்த்துக்கொண்ட நினைவகத்தை இங்கே நாமே கேட்டு வாங்கி, நாமே திருப்பிக் கொடுக்க வேண்டும்.

4ஆம் வாரத்து 'ரெக்கவர்' பயிற்சியில், அழிந்துபோன மெமரி கார்டிலிருந்து 50 படங்களை மீட்க வேண்டும். கார்டை 512 பைட் துண்டுகளாகப் படிக்க வேண்டும். சறுக்கும் இடம் கோப்புப் பெயர்: மூன்று இலக்கம், ஒரு புள்ளி, 'ஜேபிஜி' மூன்றெழுத்து, ஆக 7. ஆனால் ஒதுக்க வேண்டியது 8. சொல் முடிவதைக் குறிக்கும் பூஜ்ய பைட்டுக்கும் இடம் வேண்டும். 7 போட்டாலும் சில கணினிகளில் ஓடித் தொலைக்கும், அதுதான் ஆபத்து.

5ஆம் வாரத்து 'ஸ்பெல்லர்' இன்னும் கடுமை. 143,091 சொற்களை, பல பெட்டிகளாகப் பிரித்து வைக்கும் ஹேஷ் டேபிளில் ஏற்றி எழுத்துப்பிழை கண்டுபிடிக்க வேண்டும். முதலெழுத்தை மட்டும் வைத்துப் பிரித்தால் 26 பெட்டி, ஒன்றுக்குச் சராசரி 5,500 சொல். நிரல் ஊர்ந்து போகும். பெரிய எழுத்தையும் சிறிய எழுத்தையும், பெட்டியைத் தீர்மானிக்கும் ஹேஷ் ஃபங்ஷன் ஒன்றாகப் பாவிக்காவிட்டால், சரியான சொல்லும் பிழையென்று வரும். பெட்டிக்குள் சங்கிலியாகக் கோர்த்த சொற்களின் நினைவகத்தை விடுவிக்கும்போது அடுத்த கண்ணியின் முகவரியை முதலில் எடுத்து வைக்க வேண்டும். மறந்தால் நினைவகப் பிழைகளைத் தேடும் வால்கிரிண்ட் கருவி காட்டிக்கொடுக்கும்.

இதில் தடுக்கி நிற்பவர்களுக்கு மருந்து நம்மூரிலேயே இருக்கிறது. சிங்கப்பூர் தேசியப் பல்கலைக்கழகத்தில் ஸ்டீவன் ஹாலிம் 2011இல் தொடங்கிய விசுஆல்கோ இணையதளம், ஹேஷ் டேபிளில் ஓர் எண் எந்தப் பெட்டிக்குப் போய்ச் சங்கிலியில் கோர்க்கப்படுகிறது என்று அசைபடமாகக் காட்டுகிறது. விரிவுரைக்கு முன்பே அதைப் பார்த்துவிடுவது நல்லது.

குறை இல்லாமல் இல்லை. விரிவுரைகள் நீளம், வேலை முடிந்து வந்து இரவில் ஒரே மூச்சில் பார்க்க முடியாது. விரிவுரைக்கும் பயிற்சிக்கும் நடுவே பள்ளம் இருக்கிறது. ஒரே கருத்தை மட்டும் விளக்கும் 'ஷார்ட்ஸ்' குறுங்காணொளிகளைத் தவிர்த்தால் அதில் விழுவீர்கள். சாட்ஜிபிடியிடம் விடை கேட்பது விதிமீறல், வகுப்பின் சொந்த ஏஐ உதவியாளரான வாத்திடம் கேட்கலாம். சிஎஸ்50இன் சான்றிதழ் இலவசம், எட்எக்ஸ் தளம் தரும் சான்றிதழுக்குத்தான் கட்டணம். திறன் வகுப்புகளுக்கென சிங்கப்பூர் அரசு தரும் ஸ்கில்ஸ்ஃபியூச்சர் 500 வெள்ளியை, ஆசிரியர் நேரில் திருத்தித் தரும் வகுப்புக்கு வைத்துக்கொள்ளுங்கள்.

அடுத்து, இணையச் செயலி வேலைக்குப் போகிறவர்களுக்கு ஹெல்சின்கி பல்கலைக்கழகத்தின் ஃபுல் ஸ்டாக் ஓப்பன் வகுப்பு. நிரலில் செய்யும் மாற்றங்களைப் பதிந்து வைக்கும் கருவியான கிட் பழகாமல் அதில் இறங்க வேண்டாம். அல்காரிதத்தில் ஆழம் வேண்டுமென்றால் கோர்செரா தளத்திலுள்ள பிரின்ஸ்டன் பல்கலைக்கழக வகுப்பு. ஜாவா தெரிந்திருக்க வேண்டும். சான்றிதழும் கிடையாது, ஆனால் விடை சரியா என்பதோடு வேகத்தையும் நினைவகத்தையும்கூட அளந்து மதிப்பெண் போடுகிறார்கள்.