பழைய நீலமா, புதிய நீலமா?

சயனோடைப் என்பது வெயில் பட்டால் தாளில் நீலப் படம் அச்சாகும் முறை. 1842-இல் ஆங்கிலேய அறிவியலாளர் ஜான் ஹெர்ஷல் கண்டறிந்த பழைய கலவைக்கு இரண்டே பொருள்கள் போதும்: ஃபெரிக் அம்மோனியம் சிட்ரேட், பொட்டாசியம் ஃபெரிசயனைடு. தனித்தனியே கரைத்து, சம அளவில் கலந்து, மங்கலான வெளிச்சத்தில் தாளில் பூசி உலர்த்தினால் தாள் தயார். அடுப்பு வேண்டாம். ஆனால் சிட்ரேட் கரைசலில் பூஞ்சை படரும். தாள் அதை முழுதாக உறிஞ்சாததால், கழுவும்போது உருவான நீலத்தில் ஒரு பங்கு தண்ணீரோடு போய்விடும். பார்க்கவே வயிறு எரியும்.

1990களில் பிரிட்டன் வேதியியலாளர் மைக் வேர் வகுத்த புதிய முறையில் சிட்ரேட்டின் இடத்தில் அம்மோனியம் ஃபெரிக் ஆக்சலேட். இது தாளின் இழைகளுக்குள் நன்றாக ஊறுகிறது. வெயிலில் வைக்கும் நேரம் பல மடங்கு குறைகிறது. ஒரே புட்டியில் நெடுநாள் கெடாமல் இருக்கிறது. தொல்லை தயாரிப்பில்தான்: சூடாக்கி, ஆறவைத்து, படியும் பச்சைப் படிகங்களை வடிகட்ட வேண்டும். ஆக்சலேட் நச்சு, கையுறை இல்லாமல் தொடாதீர்கள். தாள் விஷயத்திலும் இது முரண்டு பிடிக்கும். காரம் (ஆல்கலி) சேர்த்த தாள் ஆகவே ஆகாது.

பிள்ளைகளோடு இலைகளை வைத்து அச்செடுக்கப் பழையதே மேல். நெகட்டிவிலிருந்து நுண்ணிய நிழல்களை எடுக்க விரும்புவோர் புதியதற்கு மெனக்கெடலாம். என் சாய்வு பழையதன் பக்கம்தான். எனக்கு அவசரம் இல்லை.