நன்கொடைக்கு வரிக்கழிவு: ஈரோட்டில் நேர்மையான ஒரு ரிட்டர்ன் ஆபீஸ்

பிரப் ரோட்டை ஒட்டிய ஒரு சந்தில், மாடியில் இருக்கிற சின்ன ஆபீஸ். சில வருடங்களாக என் வருமான வரிக் கணக்கை இவர்கள்தான் தாக்கல் செய்கிறார்கள். தர்மம் என்று கேட்டால் இல்லை என்று சொல்லாத ஊர் நம்முடையது, ஆனால் கொடுத்ததில் எதற்குக் கழிவு உண்டு எதற்கு இல்லை என்று முகத்துக்கு நேராகச் சொல்கிற ஆட்கள் குறைவு. இவர்கள் சொல்கிறார்கள்.

இந்தத் தடவை எனக்கு முன்னால் உட்கார்ந்திருந்தவர் சித்தோட்டுப் பக்கம் தறி ஓட்டுகிறவர். தன்னிடம் வேலை செய்கிறவரின் மகளுக்குக் காலேஜ் ஃபீஸ் 40,000 ரூபாய் கட்டியிருக்கிறார், அதை 80ஜி-யில், அதாவது நன்கொடைக்குக் கழிவு தருகிற வருமான வரிச் சட்டப் பிரிவில், காட்ட வேண்டும் என்றார். மேஜையில் இருந்த அம்மணி, "நீங்க பண்ணுனது பெரிய விசயங்ண்ணா, ஆனா தனி ஆளுக்குக் குடுத்தது 80ஜி-ல வராதுங்க" என்று சொல்லிவிட்டு, அங்கீகாரம் பெற்ற டிரஸ்டுக்கோ அரசு நிவாரண நிதிக்கோ கொடுத்தால்தான் கழிவு என்று பொறுமையாக விளக்கினார். கமிஷன் கொடுத்து ஏதாவது டிரஸ்டில் ரசீது வாங்கிக்கலாமா என்று அவர் மெல்லக் கேட்க, அந்த வேலையை நாங்கள் செய்வதில்லை என்று வந்தது பதில். நன்கொடை கொடுத்தவரின் பான் எண்ணோடு டிரஸ்டே 10பிடி படிவத்தில் துறைக்குக் கணக்குக் கொடுக்கிறது, பொய் ரசீது மாட்டிக்கொள்ள வாய்ப்பு அதிகம் என்பதையும் சேர்த்துச் சொன்னார். இந்த ஒன்றுக்காகவே இங்கே போகலாம்.

என் கணக்குக்கு வருவோம். டயாலிசிஸ் நோயாளிகளுக்கு உதவுகிற ஒரு டிரஸ்டுக்கு ஜிபே-யில் 20,000 அனுப்பியிருந்தேன். பாதித் தொகைக்குத்தான் கழிவு, அதாவது வருமானத்தில் 10,000 குறையும். நான் இருக்கிற 20 சதவீத வரம்பில் செஸ்ஸோடு (வரிக்கு மேல் போடும் கூடுதல் வரி) சேர்த்து 2,080 ரூபாய் மிச்சம். முதல்வர் நிவாரண நிதிக்குக் கொடுத்திருந்தால் முழுத் தொகைக்கும் கழிவு. இதெல்லாம் பழைய வரி முறையில் மட்டும்தான், புதிய முறையில் 80ஜி கிடையாது. அதனால் இரண்டு முறையிலும் கணக்குப் போட்டு, எது லாபம் என்று தாளில் எழுதியே காட்டினார்கள். ரொக்கமாக 2,000 ரூபாய்க்கு மேல் கொடுத்தால் கழிவே இல்லை, முதியோர் இல்லத்துக்கு வாங்கிக் கொடுத்த சென்னிமலைப் போர்வைக்கும் அரிசி மூட்டைக்கும் அதே கதிதான். ஏழைக்கு நேரே கை கொடுக்கிறவருக்குச் சட்டத்தில் ஒரு ரூபாய்கூட இல்லை என்பது எனக்கு இன்னமும் நியாயமாகப் படவில்லை, ஆனால் அதற்கு இவர்கள் என்ன செய்வார்கள்.

குறை என்றால், ஜூலையில் போனை எடுக்கவே மாட்டார்கள். படிக்கட்டு செங்குத்து, வயதானவர்களுக்குக் கஷ்டம், கீழே உட்கார நாற்காலி ஒன்று போடலாம். ஃபீஸ் 1,000 ரூபாய். பஸ் ஸ்டாண்டுப் பக்கம் கம்ப்யூட்டர் சென்டரில் இதில் பாதிக்கே முடித்துவிடுவார்கள், ஆனால் அங்கே நன்கொடைக்கு டிரஸ்ட் தருகிற 10பிஇ சான்றிதழ் இருக்கிறதா என்றுகூட யாரும் கேட்பதில்லை. டிரஸ்ட் அந்தச் சான்றிதழை மே 31-க்குள் கொடுத்தாக வேண்டும், அதைக் கேட்டு வாங்கிக்கொண்டு ஜூன் மாதமே நேரில் போய்விடுங்கள், கூட்டம் இருக்காது, உட்கார வைத்துப் பேசுவார்கள்.