பாட்டிலுக்கு வெளியே ஏது தண்ணீர்? சாயமா, தராசா

ஃப்ரிட்ஜிலிருந்து எடுத்து வைத்த பாட்டிலின் மேல் துளிகள் எப்படி வந்தன? பாலக்காடு மாவட்டத்தில் கொழிஞ்சாம்பாறை, சித்தூர்ப் பக்கம் மூன்றாம், நான்காம் வகுப்புப் பிள்ளைகளைக் கேட்டுப் பாருங்கள். "உள்ள இருக்கற தண்ணிதான் கசியுது டீச்சர்" என்பார்கள். மண்பானை கசிவதைப் பார்த்து வளர்ந்த பிள்ளைகள். பதிலில் நியாயம் இருக்கிறது. ஆனால் துளி வருவது வெளிக்காற்றிலுள்ள நீராவி குளிர்ந்து படிவதால்.

இதைத் திருத்தப் பலரும் எடுப்பது சாயத் தண்ணீர். டம்ளரில் கேசரிப் பவுடரும் ஐஸும் போட்டு, வெளியே நிற்கும் துளி நிறமில்லாமல் இருப்பதைக் காட்டுவது. செலவில்லை, பத்து நிமிடத்தில் முடியும். ஆனால் சூட்டிகையான பிள்ளை, "சாயம் உள்ளயே நின்னுக்கிச்சு, தண்ணி மட்டும் வந்துருச்சு" என்று சொல்லிவிடும். வடிகட்டியைப் பார்த்த பிள்ளைக்கு அதில் என்ன தடை?

தராசுக்கு அந்த ஓட்டை கிடையாது. என் ஓட்டு அதற்குத்தான். அரை லிட்டர் பாட்டிலில் முக்கால் அளவு தண்ணீர் ஊற்றி (உறைந்தால் விரியும்), மூடியை இறுக்கி, இரவு முழுக்க ஃப்ரீசரில் வையுங்கள். காலையில் மேலே படிந்த பனியைத் துடைத்து, ஒரு தட்டோடு சேர்த்து எடை போட்டு எண்ணைக் கரும்பலகையில் எழுதுங்கள். இருபது, முப்பது நிமிடம் கழித்துத் தட்டோடு மறுபடி நிறுத்தால் சில கிராம் கூடியிருக்கும். உள்ளிருந்து கசிந்திருந்தால் மொத்த எடை ஏன் கூட வேண்டும்? பாட்டிலையும் தட்டையும் துடைத்து நிறுங்கள். பழைய எண்ணே வரும். வாதம் முடிவது அந்த மூன்றாவது எடையில்தான், அதை விட்டுவிடாதீர்கள்.

கெடுவது எங்கே? தட்டில்லாவிட்டால் வழிந்த துளி கணக்கில் வராது. தராசைப் பூஜ்யமாக்கிவிட்டுக் காத்திருந்தால் அது தானாக அணைந்து பூஜ்யம் போய்விடும். மொத்த எடையையே எழுதுங்கள். 1 கிராம் காட்டும் சமையலறைத் தராசு போதும், 0.1 காட்டினால் சந்தேகமே வராது. எல்லாவற்றையும்விடப் பெரியது பருவம். டிசம்பர், ஜனவரியில் பாலக்காட்டுக் கணவாய் வழியாக வறண்ட கிழக்குக் காற்று அடிக்கும்போது துளி குறைவாகவே படியும். ஜூன், ஜூலை மழைக்காலமே தோது.

கிழக்குக் காற்று மாதங்களை மண் கூஜாவுக்கு வைத்துக்கொள்ளுங்கள். தண்ணீர் நிரப்பி, வாயை மூடி, காலையிலும் மாலையிலும் நிறுத்தால் எடை இறங்கியிருக்கும். கசிந்தது கூஜா, காற்றிலிருந்து வாங்கியது பாட்டில் என்று பிள்ளைகளே பிரித்துவிடுவார்கள்.

எண் வாசிக்கத் தடுமாறும் ஒன்றாம் வகுப்புக்கு இரட்டைத் தட்டுத் தராசில் மறுபக்கம் மணல் வைத்துச் செய்யலாம். ஆனால் பழைய கடைத் தராசு இரண்டு மூன்று கிராமுக்கு அசையுமா என்பதை முதல் நாளே சோதித்துவிடுங்கள்.