பி படிவம்: ஓர் அட்டைப்பெட்டிக்காரரின் மதிப்பீடு

ஓசூரில் அட்டைப்பெட்டி செய்து கொடுக்கும் சிறிய யூனிட் என்னுடையது. உதிரிபாகம் தயாரிக்கும் ஒரு கம்பெனி எனக்குத் தர வேண்டிய பாக்கி 14 பில்களுக்கு 3,84,000 ரூபாய். ஒருநாள் பசை வாளிக்கு அடியில் விரித்திருந்த பழைய தினசரியில் அந்தக் கம்பெனியின் பெயர் கண்ணில் பட்டது. பாதி எழுத்தைப் பசை தின்றிருந்தது. மிச்சத்தைப் படித்ததில், ஒரு வங்கி போட்ட மனுவின்பேரில் நொடிப்பு நடவடிக்கை (கடனைக் கட்டாத கம்பெனிமேல் எடுக்கும் சட்ட நடவடிக்கை) தொடங்கிவிட்டது என்றும் கடன் கொடுத்தவர்கள் கோரிக்கை அனுப்ப வேண்டும் என்றும் தெரிந்தது. கெடு முடிய ஐந்தே நாள்.

நம்மில் பலர் இங்கேயே கைவிட்டுவிடுகிறார்கள். ஒரு கோடிக்குக் கீழே பாக்கி என்றால் ஒன்றும் செய்ய முடியாது என்று என் ஆடிட்டரே சொன்னார். தவறு. 2020 மார்ச்சில் ஒரு லட்சத்திலிருந்து ஒரு கோடியாக உயர்த்தப்பட்ட அந்த வரம்பு, புதிதாக வழக்குத் தொடுப்பதற்குத்தான். வேறு யாரோ தொடுத்த வழக்கில் பாக்கியைக் கோர அந்த வரம்பு கிடையாது.

இந்திய நொடிப்பு மற்றும் திவால் வாரியத்தின் இணையதளத்தில் கம்பெனியின் பெயரைத் தட்டினேன்; பசை தின்ற அறிவிப்பு முழுசாக வந்தது. கோரிக்கைகளை வாங்கிச் சரிபார்க்கும் இடைக்காலத் தீர்வு நிபுணரின் மின்னஞ்சல், கடைசித் தேதி எல்லாம் அதில் இருந்தன. சரக்கு கொடுத்தவருக்கு பி படிவம், வங்கிக்கு சி, தொழிலாளிக்கு டி. கட்டணம் இல்லை, வக்கீலும் தேவைப்படவில்லை. இதற்கு நாலரை நட்சத்திரம் தாராளமாகத் தரலாம்.

தீர்வு நிபுணரின் அலுவலகத்துக்கு இரண்டுதான். நான் அனுப்பிய பில் நகல்களை அவர்களுடைய மின்னஞ்சல் பெட்டி ஏற்காமல் திருப்பியடித்தது. ஆறு துண்டாக்கி, ராத்திரி பதினொன்றரைக்கு அனுப்பி முடித்தேன். சில வாரம் கழித்து வந்த பதில் ஒற்றை வரி: 3,12,000 ஏற்கப்பட்டது. மீதி 72,000 ஏன் போயிற்று? தொலைபேசியில் கேட்டால் ‘பட்டியலைப் பாருங்கள்’ என்றார்கள். கடன் கொடுத்தவர்களின் அந்தப் பட்டியலிலும் தொகை இருந்ததே தவிர காரணம் இல்லை.

வாரியத்திடம் குறையாக எழுதிப் போட்டேன். குறைக்குக் கட்டணம் கிடையாது. நிபுணர்மேல் முறைப்படி புகார் கொடுப்பதானால் 2,500 ரூபாய் கட்ட வேண்டும். வீம்புக்குக் கொடுத்த புகார் இல்லையென்றால் அது திரும்பி வரும். எனக்கு அந்த அளவுக்குப் போகத் தேவைப்படவில்லை. குறை எழுதிய பிறகு நிபுணர் அலுவலகத்திலிருந்து பில் வாரியாக ஒரு தாள் வந்தது. மூன்று பில்களில் கம்பெனி கேட்டின் இன்வேர்டு முத்திரை, அதாவது சரக்கு உள்ளே வந்ததற்கான முத்திரை, இல்லை. எடுத்துப் பார்த்தேன், உண்மைதான். தப்பு என் பக்கம். ஆனால் இந்த ஒரு தாளை முதலிலேயே அனுப்பியிருக்கலாமே!

பணம் வருமா என்று கேட்காதீர்கள். கம்பெனியை என்ன செய்வது என்று முடிவெடுக்கும் கடன் கொடுத்தோர் குழுவில் நம் போன்றவர்களுக்கு ஓட்டு இல்லை. சரக்கு, சேவை கொடுத்தவர்களின் பாக்கியெல்லாம் சேர்ந்து மொத்தக் கடனில் பத்து சதவீதமாவது இருந்தால், ஒரு பிரதிநிதி போய் உட்காரலாம், அவ்வளவுதான். கம்பெனியை விற்றுக் கலைத்தால் வரிசையில் நடைமுறைச் செலவு முதலில், அப்புறம் தொழிலாளர் சம்பளமும் அடமானக் கடனும், பிறகு மற்ற ஊழியர், அடமானம் இல்லாத கடன், அரசு பாக்கி. அதற்கும் பின்னால் அட்டைப்பெட்டி. தொழிலாளி முன்னால் நிற்பதில் எனக்கு வருத்தமில்லை. அரசு முன்னால் நிற்பதுதான் உறுத்துகிறது.

பல நாட்டு அரசுகளின் நொடிப்பு ஒழுங்குமுறை அமைப்புகள் சேர்ந்து ஒரு பன்னாட்டுச் சங்கம் வைத்திருக்கின்றன. அங்கே பெரிய பெரிய விஷயங்கள் பேசுவார்கள். கடைசி வரிசையில் நிற்கிற சப்ளையருக்கு மற்ற நாடுகளில் எந்த மொழியில் படிவம் தருகிறார்கள் என்றும் யாராவது கேட்டால் நல்லது. தினசரி அறிவிப்பைத் தமிழில் படித்த நான் நிரப்பியதென்னவோ ஆங்கிலப் படிவம். ‘ஆபரேஷனல் கிரெடிட்டர்’ என்றால் நான்தான் என்று புரிந்துகொள்ளவே ஒரு சாயங்காலம் ஆயிற்று.

அவசரத்துக்கு ஒன்று: கெடு தவறிவிட்டாலும் விட்டுவிடாதீர்கள். நடவடிக்கை தொடங்கி 90 நாள் ஆகவில்லையென்றால் தாமதத்துக்குக் காரணம் எழுதி அனுப்பலாம்.

இப்போது முத்திரை விழாமல் என் வண்டி எந்த கேட்டையும் விட்டுக் கிளம்புவதில்லை. அரை மணி நேரம் வீணாகிறது என்று டிரைவர் முணுமுணுக்கிறார்.