பீஸ் ரேட்டா, வேலை மேல பிடிப்பா? தையல் லைன்ல இருந்து ஒரு அலசல்

திருப்பூர் பனியன் கம்பெனில லைன் பார்க்கிறவங்களுக்கு இந்த பஞ்சாயத்து புதுசில்லைங்க. டைலருக்கு பீஸ் ரேட், அதாவது தச்ச பீஸ் ஒண்ணுக்கு இவ்வளவு கூலின்னு போட்டு ஓட்டுறதா, இல்ல ஷிப்ட் சம்பளம் குடுத்துட்டு வேலை மேல அவங்களுக்கே ஒரு பிடிப்பு வர்ற மாதிரி பண்றதா?

முதல்ல பீஸ் ரேட்டுக்கு சேர வேண்டிய நியாயத்தை சொல்லிடறேன், காசு ஆளை கெடுக்கும்னு பேசுறவங்க பலபேர் இதை சொல்றதே இல்ல. அமெரிக்காவுல சேஃப்லைட்னு ஒரு கார் கண்ணாடி கம்பெனி, 1990கள்ல மணிக்கணக்கு சம்பளத்தை விட்டுட்டு கண்ணாடி ஒண்ணுக்கு இவ்வளவுன்னு மாறினாங்க, எட்வர்ட் லேசியர்ங்கிற பொருளாதார பேராசிரியர் கணக்கு பார்த்தப்ப ஆளுக்கு 44 சதவீதம் வேலை கூடியிருந்துச்சு. அதுல ஒரு பங்கு, வேகமான ஆளுங்க புதுசா வந்து சேர்ந்ததால. ஆனா மாட்டின கண்ணாடி கோளாறாச்சுன்னா மாட்டினவரே தன் நேரத்துல திரும்ப மாட்டணும், அதையும் சேர்த்துத்தான் பார்க்கணும். நம்ம லைன்ல ஆல்டர் (தையல் சரியில்லாம திரும்பி வர்ற பீஸ்) வந்தா பாதி நாள் யார் தச்சதுன்னே தெரியாது.

இப்ப அடுத்த பக்கம். 1971ல எட்வர்ட் டெசிங்கிற உளவியல் ஆராய்ச்சியாளர், காலேஜ் பசங்ககிட்ட சோமாங்கிற, கட்டைகளை சேர்த்து உருவம் பண்ற புதிரை குடுத்து பார்த்தார். ஒரு குரூப்புக்கு நடுவுல மட்டும் புதிர் ஒண்ணுக்கு 1 டாலர், அப்புறம் காசை நிறுத்தினதும் அவங்க சும்மா இருக்கிற நேரத்துல புதிரை தொடுறது குறைஞ்சு போச்சு. பாராட்டு மட்டும் கிடைச்சவங்களுக்கு அப்படி குறையல.

நான் இதை கண்ணால பார்த்திருக்கேன். முன்னாடி இருந்த ஒரு கம்பெனில துணி ஓட்டை, கறை கண்டுபிடிச்சு சொன்னா 5 ரூபாய்னு வச்சாங்க. அதுக்கு முன்னாடி எங்க ஓவர்லாக் அக்கா ஒருத்தங்க காசே இல்லாம "தம்பி, இங்க பாரு"ன்னு பீஸை தூக்கி காட்டுவாங்க. மூணு மாசத்துல அந்த 5 ரூபாயை நிறுத்தினாங்க, அந்த அக்காவும் காட்டுறதை நிறுத்திட்டாங்க. எனக்கு இன்னமும் அது வருத்தம்தான்.

அதனால என் தீர்ப்பு வேலையை பொறுத்து மாறும். நாள் முழுக்க ஒரே சைடு தையல்னா பீஸ் ரேட்தான், அதுவும் ஆல்டர் யாருதுன்னு தெரியிற மாதிரி பண்டலுக்கு நம்பர் போட்டு. புதுசா வந்த பொண்ணுக்கு தொழில் சொல்லிக்குடுக்கிறதுக்கு பீஸ் ரேட் விஷம், அந்த நேரத்துல சொல்லிக்குடுக்கிறவங்க கூலி போகுது, யாரு குடுப்பாங்க? மாதிரி பீஸ் தைக்கிற சாம்பிள் டைலருக்கு ஷிப்ட் சம்பளம்தான், எங்ககிட்ட இருக்கிற அண்ணன் கழுத்து ரிப்பை தச்சு, இழுத்துப் பார்த்து, பிரிச்சு, திரும்ப தைப்பார், அதை எந்த ரேட்ல எண்ணுவீங்க?

சம்பளம் வீட்டு வாடகைக்கே பத்தலைன்னா இந்த பேச்சே வேண்டாம், முதல்ல அதை சரி பண்ணுங்க. அதுக்கப்புறம் சரக்கு வாங்குற பையர் அனுப்புற கம்ப்ளெய்ன்ட் போட்டோவை ஆபீஸ்ல பூட்டி வைக்காம லைனுக்கு கொண்டு வந்து காட்டுங்க. நாங்க காட்டின அன்னிக்கு ஊசியை மாத்தணும்னு சொன்னது தச்சவங்கதான்.