பலவீனப் பிணைப்புக்கு மாஸ் ஸ்பெக்கா, ஐடிசியா, என்எம்ஆரா?

பீட்டா சைக்ளோடெக்ஸ்ட்ரின் (ஏழு குளுக்கோஸ் சேர்ந்த, நடுவில் குழியுள்ள சர்க்கரை வளையம்) வளையத்துக்குள் ஃபினைல்அலனின் என்ற அமினோ அமிலம் நுழைகிறதா? தஞ்சாவூர், கும்பகோணம் பக்கத்துக் கல்லூரிகளில் எம்.எஸ்சி. புராஜெக்டுக்குப் பொருத்தமான கேள்வி. இரண்டு பொருளும் எளிதில் கிடைப்பவை. சாம்பிளை எந்தக் கருவிக்கு அனுப்புவது என்பதில்தான் குழப்பம்.

எலக்ட்ரோஸ்பிரே மாஸ் ஸ்பெக் (கரைசலை மின்னேற்றிய துளிகளாகத் தெளித்து, மூலக்கூறின் நிறையை அளக்கும் கருவி) தரும் பெரிய வசதி சிக்கனம்: 20 மைக்ரோமோலார் கரைசல் சில மைக்ரோலிட்டர் போதும். கூட்டுப்பொருள் m/z (நிறை-மின்னூட்ட விகிதம்) 1300.5-இல் தெரியும், எத்தனைக்கு எத்தனை என்ற விகிதமும் உடனே கிடைக்கும். ஆனால் கணக்குப் போட்டுப் பாருங்கள். பிரிகை மாறிலி (கூடினால் பிணைப்பு பலவீனம்) 1 மில்லிமோலார் என்றால், இரண்டையும் 20 மைக்ரோமோலாரில் கலக்கும்போது 2 சதவீதம்தான் சேர்ந்திருக்கும். சிக்னல் போதவில்லை என்று செறிவை ஏற்றினால் வேறு வம்பு: துளி ஆவியாகிச் சுருங்கும்போது, கரைசலில் ஒட்டாதவையும் ஒட்டிக்கொள்ளும். சைக்ளோடெக்ஸ்ட்ரின் விஷயத்தில் இந்தப் பொய்ப் பீக் பற்றிய எச்சரிக்கை 1995-இலேயே வெளிவந்துவிட்டது.

சோதிக்க ஒரு வழி, குழியே இல்லாத நேர்ச்சங்கிலி மால்டோஹெப்டோஸை அதே செறிவில் ஓட்டுவது. அதுவும் அதே அளவு ஒட்டினால் உங்கள் பீக்குக்கு மதிப்பில்லை. ஒட்டாவிட்டாலும் 'உள்ளே நுழைந்தது' என்று எழுதிவிடாதீர்கள். நீரில் நுழையவைப்பது நீர்வெறுப்பு விசை, வாயு நிலையில் நீரே கிடையாது.

மாஸ் ஸ்பெக்குக்கு பஃபர் 10 மில்லிமோலார் அம்மோனியம் அசிடேட். பாஸ்பேட் கூடவே கூடாது. (அசிடேட்டும் பிஎச் 7-இல் பேருக்குத்தான் பஃபர்.) கோன் வோல்டேஜை (கருவி வாயிலில் அயனிகளை உள்ளே இழுக்கும் மின்னழுத்தம்) 10 வோல்ட்டில் தொடங்கிப் படிப்படியாக ஏற்றி, கூட்டு எங்கே உடைகிறது என்று பாருங்கள். நாகப்பட்டினம், வேதாரண்யம் போன்ற கடைமடைப் பகுதியில் உப்புத் தண்ணீரைக் காய்ச்சி வடித்தால் நீர்த்திவலையோடு கொஞ்சம் சோடியமும் வந்துவிடும். பீக் 22 தள்ளி 1322.4-இல் பிளவுபடும். எல்சிஎம்எஸ் தர (மாஸ் ஸ்பெக்குக்கென்றே விற்கும் மிகத் தூய) நீர் வாங்கி, கண்ணாடியில் வைக்காமல் பாலிப்ரோப்பிலீன் குழாயில் வையுங்கள்.

ஐடிசி (சமவெப்ப டைட்ரேஷன் கலோரிமெட்ரி), ஒன்றை மற்றொன்றில் சிறிது சிறிதாகச் செலுத்தும்போது வரும் வெப்பத்தை நேரடியாக அளக்கும். பலவீனப் பிணைப்பில் அந்த எஸ் வளைவு வராது, சாய்வுதான் வரும். அதனால் விகிதத்தை 1 என்று நிலைநிறுத்தித்தான் பொருத்த வேண்டும். செல்லில் 1 மில்லிமோலார் வளையம், சிரிஞ்சில் 100 மில்லிமோலார் அமினோ அமிலம். வெறும் பஃபருக்குள் செலுத்திய வெப்பத்தைக் கழிக்காவிட்டால் மொத்தமும் வீண்.

பிணைப்பின் வலிமைக்கு எண் வேண்டுமென்றால் எங்கள் ஓட்டு என்எம்ஆருக்கு (காந்தப்புலத்தில் அணுக்கருக்களின் சிக்னலைப் பார்க்கும் கருவி). வளையம் 2 மில்லிமோலாரில் நிலையாக இருக்கட்டும். அமினோ அமிலத்தை 0 முதல் 80 மில்லிமோலார் வரை பத்துப் புள்ளிகளில் ஏற்றுங்கள். ஒவ்வொன்றுக்கும் 600 மைக்ரோலிட்டர் கனநீர். மொத்தம் 14 மில்லிகிராம் வளையம் செலவு. குழிக்குள் பார்த்திருக்கும் எச்3, எச்5 ஹைட்ரஜன்களின் சிக்னல் நகர்ந்து, வெளிப்புற எச்1 அசையாவிட்டால் நுழைவுக்கு அதுவே நல்ல சாட்சி. சிக்னல் இடத்தை ஒப்பிட வழக்கமாகச் சேர்க்கும் டிஎஸ்எஸ்-ஐ உள்ளே போடாதீர்கள். அதுவே குழிக்குள் போய் உட்கார்ந்துகொள்ளும். பிஎச் எல்லாக் குழாயிலும் ஒன்றாக இருக்கட்டும்.

நாற்பது மூலக்கூறுகளை வடிகட்டவா? அப்போது மாஸ் ஸ்பெக்கே முதலில். தேறியவை மட்டும் என்எம்ஆருக்கு.

சென்னை ஐஐடியின் சாய்ஃப் (வெளியாருக்கும் சாம்பிள் சோதித்துத் தரும் கருவிக்கூடம்) போன்ற மையத்துக்கு அனுப்பும்போது கரைசலாக அனுப்பாதீர்கள். நம்மூர் வெக்கையில் கிருமி வளரும். தூளாக அனுப்பி அங்கே கலக்கச் சொல்லுங்கள். கடையில் வாங்கும் வளையத்தூளில் 14 சதவீதம் வரை நீர் இருக்கலாம். ஐப்பசி ஈரத்தில் திறந்து வைத்த புட்டியென்றால், எடை போடுமுன் உலர்த்துங்கள்.